பின்னால் உட்கார்ந்தவர் யார்?

மரக்காணத்து உப்பளங்களில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கி விடுகிறது. கதிரவன் காயத் தொடங்குவதற்குள் கால் கடுக்க உழைத்தால்தான், அவன் சுடத் தொடங்கும் வேளையில் கரையேற முடியும். பாத்தியிலே படிந்த உப்பை வாரி, வரப்பிலே குவித்து, தலையிலே சுமந்து, குன்றாக்கி வைக்கிறார்கள் அந்த மக்கள். வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்தக் குன்றுகளைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலே செல்வோர் கார்க் கண்ணாடி வழியே கண்டு களிக்கிறார்கள். படம் பிடித்துக் கொள்கிறார்கள். குன்றைக் குவித்தவரோ, அதே சாலையின் ஓரத்திலே, பழைய மொபெட் ஒன்றிலே, முன்னால் கணவன், பின்னால் மனைவி, நடுவிலே சோற்றுத் தூக்கு என்று போய்க் கொண்டிருக்கிறார்!

காருக்கும் காகிதம் உண்டு. மொபெட்டுக்கும் காகிதம் உண்டு. இன்சூரன்சு என்பது அந்தக் காகிதத்தின் பெயர். அதிலே என்ன எழுதியிருக்கிறது என்று காரிலே செல்பவருக்கும் தெரியாது. மொபெட்டிலே செல்பவருக்கும் தெரியாது. அறியாமையிலே மட்டும் நம் நாட்டில் ஏழை பணக்காரன் வேறுபாடு இல்லை, தோழர்களே!

சென்ற கோடையிலே அந்தப் பக்கம் ஒரு பொதுக்கூட்டம். பேசி முடித்து, இரவு அங்கேயே தங்கி, விடியலிலே பேருந்துக்காகச் சாலையோரத் தேநீர்க் கடையில் காத்திருந்தேன். மொபெட்டைத் தள்ளிக் கொண்டு வந்தார் ஒருவர். முகத்திலே கவலை.

"வண்டி பழுதா?" என்றேன்.

"வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க அய்யா. இன்சூரன்சு முடிஞ்சு போச்சு. முந்தாநாள் நிறுத்தி இரண்டாயிரம்னு சீட்டுக் கொடுத்துட்டாங்க. மறுபடி மாட்டினா நாலாயிரமாம். அதான் சோதனை நடக்கிற இடத்திலே இறங்கித் தள்ளிக்கிட்டு வர்றேன்" என்றார்.

இரண்டாயிரம்! உப்புப் பாத்தியிலே நாலைந்து நாள் வெந்தால் கிடைக்கிற கூலி. அவர் சொன்ன கணக்கு சரிதான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 196ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. முதல் முறை 2,000 ரூபாய் தண்டம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை தண்டம் 4,000.

"தண்டத்தைக் கட்டுகிற காசிலே இன்சூரன்சைக் கட்டியிருக்கலாமே!" என்றேன்.

"கட்டலாம். எதுக்குக் கட்டறோம்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்களே!" என்றார்.

நியாயமான கேள்வி! பக்கத்திலே நின்ற கார் ஓட்டுநர் ஒருவர் திரும்பினார். உப்பு ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருவர் நெருங்கினார். வேலைக்குக் கிளம்பிய மூதாட்டி ஒருவர் கூடையை இறக்கி வைத்தார். கூட்டம் கூடிவிட்டது. முந்தின இரவு மேடையிலே நான் பேசினேன், அவர்கள் கேட்டார்கள். அன்று காலை அவர்கள் கேட்டார்கள், நான் திணறினேன். அன்று அங்கே சொன்னதையும், ஊர் திரும்பிய பிறகு சட்டப் புத்தகத்தைப் புரட்டித் தெரிந்து கொண்டதையும் சேர்த்து இங்கே வைக்கிறேன்.

★ ★ ★

எதற்காகக் கட்டுகிறோம்? முதல் கேள்வி அதுதான்.

நம் வண்டியைக் காப்பாற்றுவதற்காக என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவே இல்லை. நம் வண்டி இன்னொருவர் மீது மோதி, அவர் கை கால் இழந்தால், உயிர் இழந்தால், அவர் குடும்பம் நட்டாற்றிலே நிற்கக் கூடாதே, அதற்காகத்தான் கட்டாயம். மோதுபவரிடம் பணம் இருக்கும் என்பது என்ன நிச்சயம்? வழக்கிலே வென்றும் வசூலிக்க வழியின்றி எத்தனை விதவைகள் வீதியிலே நின்றிருப்பார்கள்! ஆகவே, பிரிட்டனிலே 1930-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கொண்டு வந்து, வண்டியைச் சாலையில் இறக்குகிறவர் பிறருக்கான பொறுப்பை இன்சூர் செய்தே தீர வேண்டும் என்றார்கள். அதைப் பார்த்து இங்கே 1939-இல் மோட்டார் வாகனச் சட்டத்தை இயற்றினார்கள். சட்டம் 1939-இல், அதிலே இன்சூரன்சைக் கட்டாயமாக்கிய அத்தியாயம் நடப்புக்கு வந்ததோ 1946 சூலை முதல் நாள்! இடையிலே போர் வந்தது. ஏழைக்கு நன்மை தருகிற ஏற்பாடு என்றால் ஏட்டிலே இருந்து வீட்டுக்கு வர ஏழாண்டு ஆகத்தான் செய்கிறது. இன்று நடப்பிலுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் 146ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது.

இதற்குத்தான் 'தேர்டு பார்ட்டி' என்று பெயர். மூன்றாம் ஆள்! இன்சூரன்சு கம்பெனி முதல் ஆள் என்றால், வண்டிக்காரர் இரண்டாம் ஆள், தெருவிலே நடப்பவர் மூன்றாம் ஆள். அந்த மூன்றாம் ஆளுக்காக எல்லோரும் சிறு தொகை போட்டு வைக்கிற பொது உண்டியல் இது. நாளை நானே நடந்து போகும்போது இன்னொருவன் வண்டி என்மீது மோதலாம். அப்போது மூன்றாம் ஆள் நான்! ஊருக்குப் போடும் காசு நமக்கும் உதவும்.

உதவுமா? போடுகிறவர்கள் எல்லோரும் போட்டால் உதவும். ஆனால், நாட்டிலே உள்ள வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை இன்சூரன்சு இல்லாதவை என்று நாடாளுமன்றத்தின் நிதி நிலைக்குழுவே 2024-இல் கவலை தெரிவித்தது. இரண்டு வண்டி எதிரே வந்தால் ஒன்று வெறுங்கை வண்டி! 2022-இல் மட்டும் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள். அவற்றிலே தமிழ்நாட்டில் நடந்தவை 64,105. எண்ணிக்கையிலே நமக்கே முதலிடம். மாண்டவர்கள் 17,884 பேர். முதலிடம் பிடிக்க வேண்டியவை எத்தனையோ இருக்க, இதிலா முதலிடம்!

★ ★ ★

"எவ்வளவுதான் கட்ட வேண்டும்?" இது அடுத்த கேள்வி.

தேர்டு பார்ட்டிக் கட்டணத்தைக் கம்பெனிகள் தம் விருப்பம் போல் வைக்க முடியாது. ஒன்றிய அரசு அட்டவணை போடுகிறது. 2022 சூன் முதல் நாள் நடப்புக்கு வந்த அட்டவணை இது: கார் 1000 சி.சி.க்கு உட்பட்டதானால் ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 வரை 3,416. அதற்கு மேல் 7,897. இருசக்கர வண்டி 75 சி.சி.க்கு உட்பட்டால் 538. அதற்கு மேல் 150 வரை 714. 350 வரை 1,366. அதற்கும் மேல் 2,804. இதன் மேல் நூற்றுக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. மின்சாரக் காருக்கும் மின்சார ஸ்கூட்டருக்கும் நூற்றுக்குப் பதினைந்து தள்ளுபடி.

தேநீர்க் கடைத் தோழரின் மொபெட் 100 சி.சி. வண்டி. 714 ரூபாய், வரி 129 ரூபாய், ஆக 843 ரூபாய். தண்டமோ 2,000. இன்சூரன்சை இரண்டு ஆண்டு கட்டி மேலும் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்திருக்கலாம் என்று மண்ணிலே எழுதிக் காட்டினேன். அவர் நெடுநேரம் அந்தக் கணக்கையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"புது வண்டி வாங்கும்போது ஏன் மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கேட்கிறார்கள்?" என்றார் கார் ஓட்டுநர். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதிலே தமிழர் ஒருவருக்குப் பங்கு உண்டு. கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன், சாலைச் சாவுகளைக் கண்டு மனம் பொறாமல் 2012-இல் உச்ச நீதிமன்றம் சென்றார். அறுவைச் சிகிச்சை மேசைக்கு வந்து சேருகிற உடைந்த எலும்புகளை ஒட்டிக் கொண்டே இருந்தால் போதுமா, உடையாமல் இருக்க வழி வேண்டாமா என்ற உள்ளம்! அந்த வழக்கிலேதான், முதலாண்டு கட்டிவிட்டுப் பிறகு மறந்து விடுகிறார்கள் என்பதைக் கண்ட நீதிமன்றம், 2018 செப்டம்பர் முதல் நாளிலிருந்து புதுக் காருக்கு மூன்றாண்டு, புது இருசக்கர வண்டிக்கு அய்ந்தாண்டு தேர்டு பார்ட்டி கட்டாயம் என்றாக்கியது. ஆகவே, புது வண்டிக்காரர்கள் அறிந்து கொள்ளுங்கள்! மூன்றாண்டுக்கு மொத்தமாகக் கட்டியது பிறருக்கான பொறுப்புக்கு. உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் போடப்படுகிறது. ஆண்டு முடிந்ததும் அது அணைந்து விடும். "கட்டிவிட்டோமே" என்று எண்ணி ஏமாந்தவர்கள் ஏராளம்.

★ ★ ★

சொந்தச் சேதத்துக்கானதை மக்கள் 'பர்ஸ்ட் பார்ட்டி' என்கிறார்கள். இதற்குக் கட்டாயம் இல்லை. கட்டுப்பாடான கட்டணமும் இல்லை. 2007 சனவரி முதல் கம்பெனிகளே விலை வைத்துக் கொள்கின்றன. சந்தையிலே கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற நாம் இதற்கும் பேரம் பேசலாம், பேச வேண்டும். நாலு கம்பெனியிலே விலை கேட்காமல் ஒருவரிடமே நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது ஏன்?

கணக்கின் அடிப்படை, வண்டியின் இன்றைய மதிப்பு. வயது ஏற ஏற மதிப்பு இறங்கும். ஆறு மாதத்திலே நூற்றுக்கு அய்ந்து குறையும், இரண்டாண்டுக்குள் இருபது, மூன்றாண்டுக்குள் முப்பது, அய்ந்தாண்டை எட்டும்போது பாதி. கட்டணம் குறைய வேண்டும் என்பதற்காக மதிப்பை மேலும் குறைத்துப் போடச் சொல்கிறார்கள் சிலர். வண்டி களவு போனால் கிடைப்பது அந்தக் குறைந்த மதிப்புதான் என்பதை அப்போது நினைப்பதில்லை!

விபத்துக்குப் பணம் கேட்காமல் ஓராண்டை ஓட்டினால் சொந்தச் சேதக் கட்டணத்திலே நூற்றுக்கு இருபது சலுகை. தொடர்ந்து கேட்காமல் இருந்தால் இருபத்தைந்து, முப்பத்தைந்து, நாற்பத்தைந்து, அய்ம்பது என்று ஏறும். இந்தச் சலுகை வண்டிக்குச் சொந்தமல்ல. ஓட்டி வந்த உரிமையாளருக்குச் சொந்தம். பழைய காரை விற்றுப் புதுக் கார் வாங்கினால் அதைக் கையோடு கொண்டு போகலாம். காலாவதியாகி 90 நாள் கடந்து விட்டாலோ, அத்தனையும் கரைந்து போகும். உப்பளத்திலே அடைமழை பெய்தாற் போல!

இன்னொரு வேடிக்கை. பழைய கட்டண முறையிலே நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்தார்கள். சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத், புனே, அகமதாபாத் ஆகிய எட்டு நகரங்கள் 'ஏ' மண்டலம். மற்ற நாடு முழுவதும் 'பி' மண்டலம். 1000 சி.சி.க்கு உட்பட்ட, அய்ந்தாண்டுக்கு உட்பட்ட கார் என்றால் நூற்றுக்கு 3.127 சென்னைக்கு, 3.039 மரக்காணத்துக்கு. நாலு லட்சம் மதிப்புள்ள காருக்கு முந்நூற்று அய்ம்பது ரூபாய் வேறுபாடு! இமயத்து மலைச் சரிவும் இராசத்தான் மணலும் மரக்காணத்து உப்புக் காற்றும் அவர்களுக்கு ஒன்றே. மேசையிலே வரைபடத்தை விரித்து வைத்துக் கோடு போட்டவர்களுக்குக் கடற்காற்று எப்படித் தெரியும்!

கடற்காற்று என்றதும் கார் ஓட்டுநர் கொதித்தார். "அண்ணே, வண்டி வாங்கி நாலு வருடம்தான். அடிப்பாகம் அத்தனையும் துரு. இன்சூரன்சிலே கேட்டால் கிடையாது என்கிறார்களே!"

கிடையாதுதான். தேய்மானம், துரு, இயந்திரக் கோளாறு ஆகியவை எந்தப் பாலிசியிலும் விலக்கு. திடீரென்று வருவதற்குத்தான் இன்சூரன்சு. தினந்தோறும் அரிப்பதற்கு இல்லை. நன்னீரால் அடிப்பாகத்தை அடிக்கடி கழுவுவதும், துரு தடுக்கும் பூச்சு அடிப்பதும்தான் அதற்கு மருந்து.

ஆனால் புயல் திடீரென்று வருவது. 2011 திசம்பர் 30-இல் தானே வந்தது. 2020 நவம்பரில் நிவர், மரக்காணம்–புதுவைக் கரையிலேயே ஏறியது. 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புதுவை அருகே கரை கடந்து விழுப்புரம் மாவட்டத்தையே வெள்ளக்காடாக்கியது. புயலிலே மரம் விழுந்து நசுங்கிய கார், வெள்ளத்திலே மூழ்கிய கார் எல்லாவற்றுக்கும் பர்ஸ்ட் பார்ட்டியிலே இடம் உண்டு. தேர்டு பார்ட்டி மட்டும் போட்டவருக்கு ஒரு காசும் இல்லை. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு! தண்ணீரிலே நின்ற வண்டியைச் சாவி போட்டு இயக்கி, எஞ்சினுக்குள் நீர் இழுத்துக் கொண்டால், அந்த எஞ்சின் செலவைத் தர மறுப்பார்கள். அதற்கென்று தனிச் சேர்க்கை வாங்கியிருக்க வேண்டும். ஆகவே மூழ்கிய வண்டியை முடுக்காதீர்கள். படம் எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, கட்டி இழுத்துச் செல்லுங்கள். இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் எஞ்சின் செலவு முழுதும் மிஞ்சும்.

புதுவையிலே வரி குறைவு என்று அங்கே பதிந்து இங்கே ஓட்டுகிறவர்கள் இந்தக் கரையிலே பலர். இன்சூரன்சு இந்தியா முழுவதும் செல்லும். அதிலே சிக்கல் இல்லை. ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே பதிவை மாற்ற வேண்டும் என்பது சட்டம். சொந்தக் காரை வாடகைக்கு விடுகிறவர்களுக்கோ சிக்கல் நிச்சயம். வாடகை ஓட்டத்தில் விபத்து நேர்ந்தால், பாலிசியை மீறியதாகச் சொல்லிச் சொந்தச் சேதத்தைத் தர மறுப்பார்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் 14 நாளுக்குள் இன்சூரன்சைத் தம் பெயருக்கு மாற்ற எழுத வேண்டும்.

★ ★ ★

இத்தனையும் கேட்டுக் கொண்டிருந்த மூதாட்டி அதுவரை பேசவில்லை. கூடையைத் தலையிலே ஏற்றப் போனவர், நின்றார்.

"ஏன் தம்பி, வண்டிக்காரனுக்குச் சொன்னே, வழியிலே போறவனுக்குச் சொன்னே. பின்னாலே உட்கார்ந்து போறேனே நான், எனக்கு அந்தக் காகிதத்திலே எடம் உண்டா?"

"உண்டம்மா" என்று சொல்லிவிட்டேன். பேருந்து வந்தது, ஏறிவிட்டேன். ஊர் திரும்பிப் புத்தகத்தைப் புரட்டினேன். வெட்கித் தலை குனிந்தேன். நான் சொன்னது தவறு!

ஆம், தோழர்களே! தேர்டு பார்ட்டி மட்டுமே உள்ள மொபெட்டிலே, பின்னால் உட்கார்ந்திருப்பவர் மூன்றாம் ஆள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் திலக் சிங் வழக்கிலே சொல்லி விட்டது. வேறொரு லாரி வந்து மோதினால், அந்த லாரியின் இன்சூரன்சு பின்னால் இருப்பவருக்குப் பணம் தரும். ஆனால் மணலிலே சறுக்கி, மாடு குறுக்கே வந்து, ஓட்டியவரின் தவறாலே விழுந்தால்? சாலையிலே நடந்து போகிறவர் அடிபட்டால் பணம் உண்டு. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி மாண்டால், தாய் மாண்டால், அந்தக் காகிதத்திலே அவருக்கு இடம் இல்லை!

முன்னால் உட்கார்ந்தவருக்கு ஓர் ஏற்பாடு உண்டு. உரிமையாளரே ஓட்டினால் 15 லட்சம் ரூபாய்த் தனி விபத்துக் காப்பு எடுக்க வேண்டும் என்று 2018-இல் விதித்தார்கள். ஓட்டுகிறவருக்கு இடம், வழிப்போக்கருக்கு இடம், வண்டியிலே அமர்ந்து வேலைக்குப் போகிற பெண்ணுக்கு மட்டும் இடமில்லை! நம் சமுதாயத்திலே பெண்ணுக்கு எந்த இடம் கொடுத்தார்களோ, அதே இடத்தைத்தான் இன்சூரன்சுக் காகிதமும் கொடுத்திருக்கிறது: பின்னால்! கணக்கிலே வராமல்!

இன்னும் கேளுங்கள். உப்பளத்துக்கும் வயலுக்கும் ஆட்களைக் குட்டியானையிலே, லாரியிலே மூட்டை மேல் ஏற்றிச் செல்வதைக் காணாதவர் உண்டா? 2002-இல் ஆஷா ராணி வழக்கிலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சரக்கு வண்டியிலே பயணம் செய்கிறவருக்குக் கம்பெனி பொறுப்பல்ல. சரக்கின் சொந்தக்காரருக்கும் அவருடைய ஆளுக்கும் 1994-இன் திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது. மூட்டைக்குச் சொந்தக்காரன் மூட்டை மேல் உட்கார்ந்தால் மனிதன். கூலிக்காரர் உட்கார்ந்தால் கணக்கிலே சேராதவர்! நீதிபதிகளைக் குறை கூறவில்லை நான். சட்டத்திலே உள்ளதைத்தான் அவர்கள் சொன்னார்கள். சட்டத்தை எழுதியவர்களைக் கேட்கிறேன்: கூலிக்காரர் எதிலே போவார் என்று நினைத்தீர்கள்?

"வழி இல்லையா?" என்று கேட்பீர்கள். இரண்டும் சேர்ந்த முழுப் பாலிசி எடுத்தால், பின்னால் உட்காருபவருக்கும், காருக்குள் இருப்பவர்களுக்கும் காப்பு உண்டு. கட்டுப்பாட்டு ஆணையமே 2009 நவம்பரில் சுற்றறிக்கை விட்டுத் தெளிவாக்கியது. 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கிலே உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. முழுப் பாலிசி முடியாதென்றால், பின்னால் இருப்பவருக்கென்று தனி விபத்துக் காப்புச் சேர்க்கை சிறு தொகைக்குக் கிடைக்கிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கத் தெரிந்தால்தானே கேட்பார்கள்? விற்கிறவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. வாங்குகிறவர் ஒரு வரி படிப்பதில்லை. படிக்கலாமென்றால் காகிதம் தமிழிலே இருப்பதில்லை!

★ ★ ★

"எதிலும் குறை காண்பதா? சட்டத்திலே நல்லதே இல்லையா?" என்று கேட்போர் உண்டு. இருக்கிறது, ஒப்புக் கொள்கிறேன். மோதிவிட்டு ஓடிப்போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தருகிற ஏற்பாடு 2022 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி உண்டு. முன்பு அது வெறும் 25,000 ரூபாயும் 12,500 ரூபாயும்! இன்சூரன்சு இல்லாத வண்டி விபத்தாக்கினால், ஈடு கட்டாமல் வண்டியை விடக்கூடாது. கட்டாவிட்டால் ஏலம் விட்டுப் பணத்தைப் பாதிக்கப்பட்டவருக்காக வைக்க வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. வழக்குப் போட 6 மாத வரம்பை 2019-இன் திருத்தம் கொண்டு வந்தது. அதை எதிர்த்து வழக்குகளும் நடக்கின்றன. துக்கத்திலே இருப்பவர்கள் இதை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். விரைந்து தீர்ப்பாயத்தை நாடுங்கள்.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 2016-இல் ஒன்றிய அரசு கொண்டு வந்த மசோதாவிலே, உயிரிழப்புக்குக் கம்பெனியின் பொறுப்பு 10 லட்சத்துக்கு மேல் இல்லை என்று மூடி போடப் பார்த்தார்கள். முப்பது வயது உழைப்பாளி மாண்டால் அவன் வாழ்நாள் ஊதியம் என்ன, பிள்ளைகளின் படிப்பு என்ன என்று நீதிமன்றம் கணக்கிட்டுத் தருவதைப் பறிக்கிற மூடி அது! எதிர்ப்பு எழுந்தது; மூடியைக் கழற்றிய பிறகே சட்டம் நிறைவேறியது. கேட்டால் கிடைக்கும், எதிர்த்தால் இறங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே கேட்போம்! மோட்டார் வண்டி பொதுப் பட்டியலிலே இருக்கிறது. இன்சூரன்சு ஒன்றியப் பட்டியலிலே இருக்கிறது. சாலை நம்முடையது, சாவு நம்முடையது, கட்டணம் போடும் மேசை மட்டும் தில்லியிலே! அந்த மேசைக்கு மரக்காணத்துக் குரல் எட்ட வேண்டும்.

கட்டாய இன்சூரன்சிலேயே பின்னால் அமர்பவரைச் சேருங்கள். இலட்சக்கணக்கான வண்டிகளில் பரவும் சுமை ஆளுக்கு மிகச் சிறியது. கூலிக்கு ஆள் ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டியைப் பிடித்துத் தண்டம் போட்டால் மட்டும் போதாது. விடியலிலே உப்பளத்துக்குப் போகப் பேருந்து விடுங்கள். பாலிசியின் முதல் பக்கத்திலே, யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று பெரிய எழுத்திலே, தமிழிலே அச்சிடுங்கள்.

தமிழ்நாட்டு அரசுக்கும் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்திலே வேலையற்று நிற்கும் உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டம் கண்ட அரசு இது. அந்தப் பணம் வழங்கும் நாளிலேயே, அதே இடத்திலே, இன்சூரன்சுப் புதுப்பிப்பு முகாம் ஒன்றை ஏன் வைக்கக் கூடாது? 1938-இல் சென்னையில் தோன்றி, 1973-இல் நாட்டுடைமையான நான்கு கம்பெனிகளில் ஒன்றாக நிற்கிற யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையிலேதானே இருக்கிறது! மக்களுடைமை என்றால் மக்களிடம் வரட்டுமே!

அரசு செய்யும் வரை காத்திராமல், இன்று மாலையே நீங்கள் செய்யக் கூடியது ஒன்றுண்டு. வீட்டிலே உள்ள காகிதத்தை எடுங்கள். முடிகிற நாளைப் பாருங்கள். முழுப் பாலிசியா, தேர்டு பார்ட்டி மட்டுமா என்று பாருங்கள். புரியாவிட்டால் விற்றவரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பின்னால் உட்காருபவருக்கு உண்டா?"

நானும் ஒரு கடன் பட்டிருக்கிறேன். அந்த மூதாட்டியிடம் "உண்டம்மா" என்று சொல்லி வந்தேனே! அடுத்த முறை மரக்காணம் செல்லும்போது தேடிப் பிடித்து, "இல்லையம்மா, நான் தவறாகச் சொல்லி விட்டேன்" என்று சொல்லியாக வேண்டும். அதற்கு அடுத்த முறை செல்லும்போது, "இப்போது உண்டம்மா" என்று சொல்லும் நிலை வர வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பேசுகிற நாடு இது. உப்பு விளைவித்தவரை ஒரு காகிதத்திலாவது நினைக்கட்டும்!